யாருடைய பிள்ளை என்று கேட்கிற வேலை

மாணவர் உதவித்தொகைக்கு ஆலோசனை சொல்கிற வேலையில், பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்பதற்கு முன்னரே யார் வீட்டில் படுக்கிறது என்று கேட்க வேண்டும். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு ஜிம்னாசியத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளியில், பல வருடமாக நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் மாணவருக்குப் பதினெட்டு வயதானால் எஸ்.யூ. என்கிற அரசாங்க உதவித்தொகை கிடைக்கும். ஆனால் இருபது ஆகும்வரை தாய் தகப்பனின் வருமானத்தையும் பார்ப்பார்கள். வீட்டை விட்டு வெளியே இருக்கிற பிள்ளைக்குரிய கூடுதல் தொகை வேண்டுமென்றால் தனி அனுமதி எடுக்க வேண்டும். இருபது ஆகிவிட்டால் பெற்றோரைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஏதாவதொரு கவுண்டரில் சொந்தக் குடும்பத்தை விளக்கிச் சொல்ல நின்று வயிறெரிந்தவர் நீங்கள் என்றால், நாம் ஒரே சாதி.

குப்பைப் பைகள்

ஷர்மிக்கு அப்போது பதினெட்டு. அவள் ஒரு டேனிஷ் பெடியனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும், அவளுடைய அப்பா உடுப்புகளையெல்லாம் கறுப்புக் குப்பைப் பைகளில் அடைத்து வாசலில் வைத்துவிட்டார். அவள் பக்கத்து நகரமான வைலேயில் ஒரு சிநேகிதி வீட்டுச் சோபாவில் படுத்து, ரயிலில் பள்ளிக்கு வந்தாள். பின்னேரங்களில் பேக்கரியில் வேலை. வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று கணக்கு ஆசிரியர் அனுப்பித்தான் என்னிடம் வந்தாள்.

விண்ணப்பம் போட்டோம். முடிவெடுக்கிற அலுவலகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகக் கதைத்தார். பிள்ளை தானாக வெளிக்கிட்டதா, துரத்தப்பட்டதா என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். பைகளைப் பற்றிச் சொன்னேன். அது ஆதாரம் ஆகாதாம். "அப்படியானால் எதுதான் ஆதாரம்?" என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது. அவருடைய குரல் உயரவே இல்லை.

"பிள்ளையை வெளியே போகச் சொன்னது தான்தான் என்று தகப்பன் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால் போதும்."

பூசை முடிந்த பிறகு

ஷர்மி கேட்டுப் போனாள். அப்பா கதவைத் திறக்காமலே மறுத்துவிட்டார். அடுத்த தமிழ்ப் பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற என்னிடம் அவரே வந்தார். மன்னார்க்காரர், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. முகம் தெரியும், அதிகம் கதைத்ததில்லை.

"தங்கச்சி, நீங்கள் எங்கட ஆள். பெட்டை வீட்டிலதான் இருக்கிறாள் எண்டு போட்டுவிடுங்கோ" என்றார்.

"அவள் வீட்டில இல்லையே அண்ணை."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இவங்களுக்கு ஏன்? நாளைக்கு என்ர மற்றப் பிள்ளையளையும் விசாரிக்க வருவாங்கள்."

"அப்ப அவளைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில வையுங்கோ. நான் அப்பிடியே போடுறன்."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் யாருக்காவது கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தார். அதைக் கண்டதும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன்.

"நான் எப்ப துரத்தினனான்? அவனை விட்டிட்டு வரட்டும், கதவு திறந்துதான் கிடக்கு."

கலாசாரம்

என்னோடு ஒரே அறையில் வேலை செய்யும் பென்டெ நல்ல மனுசி, அதில் குறை சொல்ல மாட்டேன். அதே மாதம் மிக்கெல் என்றொரு டேனிஷ் பெடியன் வந்தான். தாயின் புது மனிசனுக்கு அவனைப் பிடிக்கவில்லை. தாய் அவனுடைய கட்டிலை விற்று, அறையில் உடற்பயிற்சி இயந்திரம் வைத்துவிட்டாள். அவன் உதைபந்தாட்டக் கழகத்து உடைமாற்றும் அறையில் படுத்தான். பென்டெ அவனுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து, "பாவம், குடும்பச் சிக்கல்" என்றார்.

அவன் போனதும் ஷர்மியின் கதையை எடுத்தோம். பென்டெ தலையைச் சாய்த்து, மிகுந்த பரிவோடு, "உங்கள் கலாசாரத்தில் இது கஷ்டம்தான்" என்றார். "மிக்கெலின் தாய் பிள்ளையை வெளியே விட்டிருக்கிறாளே, அது எந்த ஊர்க் கலாசாரம்?" என்று வெடித்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

"இல்லை, அது வேறு. மிக்கெலின் தாய் கொஞ்சம் கஷ்டமான மனுசி, அவ்வளவுதான்."

சொந்தக் கால்

ஒரு வருடம் ஊர் சுற்றிவிட்டுப் படிக்க வந்த இன்னொரு பெடியனுக்கு அந்த வசந்தத்தில் இருபது வயதானது. கட்டட நிறுவனம் நடத்துகிற தகப்பன் அவனுக்கென்று வாங்கிய மாடிவீட்டுக்கு அந்த வாரமே குடிபோனான். விலாசத்தை மாற்றினான், கூடுதல் தொகை வந்தது. யாரும் அவனிடம் ஆதாரம் கேட்கவில்லை. சட்டம் அப்படி, அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய தாய் பெருமையோடு என் கையைப் பிடித்துச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம்.

"எங்கள் மகன் இப்போது முழுக்கச் சொந்தக் காலில் நிற்கிறான், உடுப்புத் தோய்க்க மட்டும்தான் வீட்டுக்கு வருவான்."

அனுமதி

கடைசியில் நகரசபைச் சமூக சேவகி ஒருத்தி ஷர்மியோடு ஆறுதலாக இருந்து கதைத்து, நடந்ததை எழுதிக் கொடுத்தார். அனுமதி வந்தது. பென்டெ கைதட்டினார். நான் தட்டவில்லை. அதற்குள் சிநேகிதி வீட்டுக்காரருக்குச் சோபா தேவைப்பட்டு, ஷர்மி ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, படிப்பை நிறுத்தி, வைலேயில் ஒரு களஞ்சியத்தில் முழுநேர வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

தொலைபேசியில் சொன்னேன். பின்னால் பாரந்தூக்கி வண்டிகள் கத்திக்கொண்டிருந்தன. "திரும்பி வா, பள்ளி அதிபரோடு நான் கதைக்கிறன்" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் அழவில்லை, என்னைத்தான் தேற்றினாள்.

"இருபது ஆகட்டும் அக்கா, வாறன். அப்ப ஒருத்தரும் அப்பாவைக் கேக்க மாட்டினம்."

பிள்ளை தனித்துப் போனதை, அதைத் தனியே விட்டவர்களின் கையெழுத்தோடு நிரூபித்து வா என்று சொல்லி அனுப்புகிற இந்த வேலைக்கு, என் சம்பளச் சீட்டில் 'வழிகாட்டி' என்று பெயர் போட்டிருக்கிறார்கள்.