எங்கள் கல்லூரியின் முதல் பிட்சர்

கல்லூரியில் பேஸ்பால் குழு தொடங்கியபோது பந்து வீசத்தான், அதாவது பிட்சராக நிற்கத்தான், ஆள் கிடைக்கவில்லை. சேர்ந்திருந்த பதினோரு பையன்களுக்கும் மட்டையைப் பிடித்து அடிக்க மட்டுமே ஆசை. கிள்ளானில் பள்ளியில் படித்தபோது நான் சாப்ட்பால் ஆடியதை யாரோ சொல்லிவிட, குழுத் தலைவன் கேன்டீனுக்கே என்னைத் தேடி வந்தான். வாயில் மீ கோரேங் நூடுல்ஸை வைத்துக்கொண்டே "வரேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் திடலில் நான் ஒருத்திதான் பெண் என்பது மறுநாள் போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

சாப்ட்பாலில் கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவோம். பேஸ்பாலில் தோளுக்கு மேலிருந்து வீச வேண்டும். பந்து சின்னது, தூரமும் அதிகம். முதல் வாரம் நான் வீசிய பாதிப் பந்துகள் வேலியைத் தாண்டி கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தன. பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து அவற்றைப் பிடிக்க வேண்டியவன் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த இன்ஜினியரிங் மாணவன், எங்கள் கேட்சர். அவன் பிடித்ததைவிட ஓடிப் பொறுக்கியதுதான் அதிகம்.

"நான் கேட்சரா, போஸ்ட்மேனா? சொல்லிடு லா," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு.

ஆனாலும் அவன் தினமும் வந்தான். கைப்பேசியில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, காலை எங்கே ஊன்றுவது, பந்தை விரலிலிருந்து எப்படி விடுவிப்பது என்று இருவரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நான் வீசிய பந்து அவன் கையுறைக்குள் 'பட்' என்று போய் உட்கார்ந்தது. திடல் முழுக்கக் கேட்ட சத்தம். அவன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினான்; சிவந்திருந்தது. எனக்கு அன்று வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் சந்தோஷத்தில் உட்காரவே முடியவில்லை. கிள்ளான் வரும்வரை நின்றுகொண்டே போனேன்.

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை காலை, பல வருடங்களாக ஆடிவரும் இன்னொரு கல்லூரிக்கு எதிராக. அம்மா பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடியில் ரவிக்கை தைப்பவர். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் குடையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பந்து வீசும் மேட்டில் நான் ஏறியதும் எதிரணிப் பயிற்சியாளர் அம்பயரிடம் போய் முறையிட்டார். பெண் எப்படி ஆடலாம்? அம்பயர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசியில் புத்தகத்தை மூடி, கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை, வீசு என்று கையைக் காட்டினார்.

வீசினேன். முதல் பேட்டர் மூன்று பந்தையும் தவறவிட்டு வெளியேறினான். எங்கள் பையன்கள் குதித்தார்கள். அம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "ஏன்டி, பாவம் அந்தப் பையன்! ஒண்ணாவது அடிக்கிற மாதிரி போடேன்!"

கடைசிச் சுற்றில் நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தோம். அப்போதுதான் என் பந்துகள் குறி தவற ஆரம்பித்தன. எல்லை தவறி நான்கு பந்து வீசினால் பேட்டர் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். வரிசையாக மூன்று பேரை அப்படி நடக்கவிட்டேன். மூன்று தளத்திலும் ஆட்கள். ஒருவன் 'வீடு' திரும்பினால், அதாவது கேட்சர் முன்னாலிருக்கும் தட்டைத் தொட்டால், சமன்; இருவர் தொட்டால் தோல்வி.

கேட்சர் எழுந்து மேட்டுக்கு வந்தான்.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்கும்தான். சரி, நீ அவங்கள பாக்காத. என் கிளவ்வ மட்டும் பாரு."

அடுத்தவன் மூன்று முறை காற்றைத்தான் அடித்தான். அதற்கடுத்தவன் உயரே தூக்கியடிக்க, முதல் தளத்தில் நின்ற எங்கள் ஆள் பிடித்துவிட்டான். மூன்று பேர் அவுட்டானால் ஆட்டம் முடியும்; இன்னும் ஒருவன்தான். அவன் அடித்த பந்து நேராக வந்து என் முழங்காலுக்குக் கீழே மோதியது. கண்ணில் பொறி பறந்தது. காலடியில் உருண்ட பந்தை வெறுங்கையால் அள்ளினேன். மூன்றாம் தளத்திலிருந்தவன் பாதி தூரம் வந்துவிட்டான். யோசிக்க நேரமில்லை. கீழ்க்கையாலேயே கேட்சரிடம் தள்ளினேன். ஓடி வந்தவன் தொடுவதற்குள் அவன் ஒரு காலைத் தட்டின் மேல் வைத்து எட்டிப் பிடித்தான்.

"அவுட்!"

பையன்கள் என்மேல் வந்து விழுந்தார்கள். அம்மா குடையை எறிந்துவிட்டுத் திடலுக்குள் ஓடிவந்து, "ஜெயிச்சாச்சா? யாரு ஜெயிச்சா?" என்று அம்பயரையே பிடித்துக் கேட்டார்.

மூன்று வருடம் அந்த மேட்டில் நின்றேன். நிறையத் தோற்றோம், ஒருமுறை இறுதியாட்டம்வரை போனோம். கடைசி வருடம் தோள் தசைநார் கிழிந்து, ஆறு மாதம் தலை வாரக்கூட முடியவில்லை. இனி வேகமாக வீசக் கூடாது என்றார் டாக்டர். அழுதேன். பிறகு மெதுவாக வீசப் பழகினேன். இப்போது கிள்ளானில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. ஞாயிறுகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்த ஒரு கலப்புக் குழுவுக்கு ஆடுகிறேன். போன வாரம் என்னைவிட இரண்டு மடங்கு பருமனான ஒருவர் என் மெதுபந்துக்கு அவசரப்பட்டுச் சுழன்று, மட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். "இன்னொண்ணு போடுங்க சிஸ்டர்," என்றார். போட்டேன்.