டீக்கடையில் உட்கார்ந்திருந்த தாய்மாமன்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வாராவாரம் மனித சுபாவத்தைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் நான். கோபத்தை எப்படி அடக்குவது, மனம் எப்படிப் பக்குவப்படும் என்றெல்லாம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதுவேன். ஆனால் பக்குவம் என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்தது போன தை மாதம்தான். பென்னாகரம் போகிற சாலையோரத்து மாரியம்மன் கோயிலில், என் தங்கை மகளுக்குக் காது குத்திய அன்றைக்கு.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். மாமன்கள் இரண்டு பேர் இருந்தால் மூத்தவருக்கே அந்த உரிமை. அவரை நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. லீவு கிடைக்கவில்லை என்று, காதுகுத்து அழைப்பிதழைப் படம் எடுத்து என் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். தொலைந்தது! பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் கேட்க அண்ணன் போனில் கத்தினார்.

"போட்டோலதான கூப்ட்டீங்க? என் போட்டோவ அனுப்பறேன், அதும்மேல கொழந்தைய உக்கார வெச்சிக்கோங்க!"

கூடவே மாப்பிள்ளையின் பிறப்பு வளர்ப்பைப் பற்றியும் நாலு வார்த்தை. பிறகு அவர் தட்டோடு நேரில் போனபோது அண்ணன் கதவையே திறக்கவில்லை.

காது குத்தும் நாளில் அண்ணன் கோயிலுக்கு வரவில்லை. ஆனால் எதிரிலிருந்த டீக்கடைக்கு வந்திருந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, மடியில் குழந்தைக்கு வாங்கிய தோடு இருக்கிற நகைக்கடைப் பை. பேப்பர் படிக்கிற மாதிரி கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடக் கடவுளே, இந்த மனுஷ ஜென்மத்தை என்னவென்று எழுதுவது!

"எமகண்டம் பொறக்கறதுக்குள்ள முடிக்கணுங்க" என்று காது குத்தும் ஆசாரி அவசரப்படுத்தினார். சின்ன மாமன் இருக்கிறாரே, அவர் உட்காரட்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாண்ணா. நீ உக்காந்துட்டா பெரியண்ணன் இனிமே என் வூட்டு வாசல மிதிக்க மாட்டாரு. எனக்குப் பொறந்த வூடே இல்லாமப் போயிரும்."

உண்மைதான். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் இருக்கிற வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. சரி, நாம்தான் இதில் நிபுணர் ஆயிற்றே என்று சாலையைக் கடந்து போனேன். "அண்ணா, இந்த வயசுல கோவத்த உடறதுதான் பெருந்தன்மை" என்று ஆரம்பித்தேன்.

"அதப் பேப்பர்ல எழுது. படிக்கிறேன்" என்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். கைகலப்பாகிவிடும் என்றே நினைத்தேன். அவரோ மன்னிப்பும் கேட்கவில்லை, நியாயமும் பேசவில்லை.

"பெரிய மச்சான், பாப்பா கத்துதுங்க. யாருகிட்டயும் போவ மாட்டேங்குது. நீங்க தூக்குனாத்தான் அடங்கும். கொஞ்சம் வாங்க."

குழந்தை கத்தவே இல்லை. கோயில் வாசலில் சமர்த்தாக முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் பேப்பரை வீசிவிட்டு எழுந்தார். "கொழந்தைய அழ உட்டுட்டு டீக்கடையில வந்து நிக்கறீங்களே, ஆம்பளைங்களா நீங்கல்லாம்?" என்று எங்களைத் திட்டிக்கொண்டே சாலையைக் கடந்தார். முறுக்கை அவர் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காத மாதிரி போனாரா, தெரியாது. குழந்தையை வாரி மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி குத்தியதும் அது நிஜமாகவே வீறிட்டது. கூடவே அண்ணனும் அழுதார். இத்தனை வருஷம் எழுதி என்ன கிழித்தேன்? ஒரு மனிதர் கௌரவத்தோடு எழுந்து வருவதற்கு ஒரு வழி போதும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

பந்தியில் அண்ணனுக்கு மாப்பிள்ளையே பரிமாறினார். கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படிங்க மாப்ள? அவ்வளவு பேசினாரே, உங்களுக்குக் கோவமே வரலயா?"

"வராம என்னங்க? இன்னும் கொதிக்குது. அவரு சொன்னதுல ஒரு வார்த்த மறக்கல" என்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சண்டைய நாளைக்குக்கூடப் போட்டுக்கலாங்க மச்சான். உங்க தங்கச்சி காலையில இருந்து அந்த டீக்கடையவேதான் பாத்துட்டு நின்னுச்சு."