பதிமுகத் தண்ணீர்

ஆனந்தியை ஏலக்காட்டு வேலையிலிருந்து மீட்டது ஒரு நீலக் கோட்டும் ஒரு பதிவேடும்தான். உடும்பஞ்சோலைக்கு மேலே, சுற்றுலாக்காரர்கள் மலை பார்க்க நிற்கும் வியூபாயிண்டில் பதினோரு தள்ளுவண்டிகள். வண்டிக்காரர்களுக்கு ஹெல்த் கார்டு எடுத்துக் கொடுக்கவும், வெட்டிய பழத்தை மூடிவைக்கச் சொல்லவும், தண்ணீரைக் காய்ச்ச வைக்கவும் பஞ்சாயத்து அவளை அமர்த்தியிருந்தது. குறை சொல்லக் கூடாது, ஓடி ஓடித்தான் செய்தாள். கடைக்காரர்கள் டீச்சர் என்று கூப்பிட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

காய்ச்சிய தண்ணீரைக் கொடுத்தாலும் வருகிறவர்கள் சந்தேகமாகவே பார்த்தார்கள். கேரளத்து ஓட்டல்களில் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீர்தான் வைப்பார்கள்.

"நீங்களும் பட்டை போடுங்க. பாத்ததும் நம்பிக் குடிப்பாங்க" என்றாள் ஆனந்தி.

பட்டை நிறத்தைத்தான் கொடுக்கும், கிருமியைக் கொல்வது நெருப்பு என்று அவள் பிரித்துச் சொல்லவில்லை. மழை வந்துவிட்டது. தண்ணீரைக் காய்ச்சச் சொன்னதற்குப் பதிவேட்டில் அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாங்காயும் சர்பத்தும் விற்கும் சின்னத்தாய்க்கு டீச்சர் பேச்சு வேதவாக்கு. காலையில் ஒரு பானை காய்ச்சுவாள். டிசம்பர் கூட்டத்தில் பதினோரு மணிக்கே அது பாதியாகிவிடும். ஓடையிலிருந்து இழுத்த ஹோஸ் தண்ணீரை ஊற்றி, இன்னொரு பிடி பட்டை போடுவாள். தாகத்துக்கு அவளும் அதையே குடித்தாள். வாரம் இருமுறை வரும் ஆனந்தி, ஜக்கில் சிவப்பைப் பார்த்து டிக் அடித்தாள். அடுப்பு எரிகிறதா என்று ஒருநாள் குனிந்து பார்த்திருந்தால் இடுப்பா ஒடிந்துபோயிருக்கும்?

ஜனவரியில் மஞ்சள்காமாலை பரவியது. முதலில் விழுந்தவள் சின்னத்தாய். கல்லீரல் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தார்கள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஜிபி வந்து பதிவேட்டைப் புரட்டினார். "வெள்ளம் திளப்பிச்சுக் கொடுக்கணும்னு இவங்ககிட்ட சொன்னதாணோ?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

பட்டை விஷயம் ஆனந்தியின் தொண்டைவரை வந்தது. சொன்னால் வேலை போகும். மறுபடியும் ஏலக்காடு, அட்டைக்கடி.

"காய்ச்சணும்னு சொன்னேன் சார். கையெழுத்து இருக்கு."

பொய்யில்லை. அதுதான் கொடுமை. சின்னத்தாய் விதியை மீறினாள் என்று எழுதி அவள் வண்டிக்குச் சீல் வைத்தார்கள்.

மறுநாள் ஆனந்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னத்தாயின் புருஷன் பாண்டி எழுந்து ஸ்டூலைக் கொடுத்தார். சீல் வைத்த சேதி சின்னத்தாய் காதுக்கும் போயிருந்தது. மஞ்சள் பூத்த கண்ணைத் திறந்து ஆனந்தியின் கையைப் பிடித்தாள்.

"நாந்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். ஓடைத்தண்ணி ஊத்தும்போதெல்லாம் பட்டையும் போட்டேனே. பத்தலயோ என்னமோ. ஒங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. தூங்குங்க" என்றாள் ஆனந்தி.

சின்னத்தாய் இன்னும் இரண்டு நாள் நினைவோடு இருந்தாள். இரண்டு நாளும் ஆனந்தி போனாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், காலைப் பிடித்துவிட்டாள். பட்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது, தப்புத் தன்னுடையது என்று நம்பியபடியே சின்னத்தாய் செத்துப்போனாள்.