ஒரு விரல் நுழையாத இடம்

அருள்மணி அறந்தாங்கியில் டயர் கடை வைத்திருக்கிறார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அவருடைய தாயார் அழகம்மாளைப் பகலில் பார்த்துக்கொள்வது என் வேலை. கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

அருள்மணி நல்ல வேலைக்காரர். ஆனால் காலையில் முதலில் வருகிறவர் என்ன கேட்டாலும் மறுக்கமாட்டார். முதல் போணியைத் திருப்பி அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைத்தெரு முழுக்க உள்ள நம்பிக்கை.

ஒரு சனிக்கிழமை முதல் போணியாக சூர்யபிரகாஷ் வந்தான். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தான். தரையோடு தரையாகக் கிடக்கும் வண்டி. அதற்கு அகல டயர் வேண்டுமென்றான். மாட்டிப் பார்த்தால், டயருக்கும் அதன்மேல் கவிந்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவே விரல் நுழையவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசியது. பழைய அளவுதான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அருள்மணி உறையைச் சூடுகாட்டி அமுக்கிவிட்டு, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டினார். சத்தமில்லை.

“சரியாயிருச்சு தம்பி.”

“நாளைக்குக் கட்டுமாவடியில தங்கச்சிக்கு வளைகாப்புண்ணே. இதுலதான் வீட்டுக்கு அழைச்சுட்டு வாரேன்.”

மறுநாள் மதியம் அருள்மணி தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அழகம்மாளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்டா, ஒம் பொண்டாட்டி சமையல் அம்புட்டு மோசமா?” என்றாள் கிழவி, கோணிய வாயோடு.

அப்போதுதான் சொன்னார். ஆள் ஏறினால் வண்டி இன்னும் இறங்கும். உரசி உரசி உறை பிய்ந்து சக்கரத்தில் சிக்கலாம், டயரும் கிழியலாம். உள்ளே இருக்கப்போவது ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி.

“படுக்கையில ஒரசுற எடம் செவந்தாலே நான் ஆளைப் புரட்டிப் போட்டுருவேன். புண்ணாகட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கமாட்டேன். போனப் போடுங்க” என்றேன்.

போட்டார். விசேஷ வீட்டில் யார் எடுப்பார்கள்? கையைக் கழுவிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

அங்கே நடந்ததைச் சாயங்காலம் தாயாரிடம் சொன்னார். இவர் போய்ச் சேரும்போது, தங்கச்சி இளமதியை முன் சீட்டில் இறக்கி உட்கார வைத்துவிட்டார்கள். பின்னால் இரண்டு பெண்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

“உக்கார வச்சாச்சு. வீட்ல போயி எந்திரிக்க வைக்கக் கிரேனுக்குச் சொல்லிரு மாப்ள” என்று யாரோ ஓர் அத்தை கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அருள்மணி வண்டிக்குக் குறுக்கே போய் நின்றார். “தம்பி, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு, மெதுவா உருட்டுங்க.”

கரகரவென்றது. சிரிப்பு நின்றது.

“சரியாயிருச்சுன்னீங்களேண்ணே.”

“நேத்தே எனக்குத் தெரியும் தம்பி. மொதப் போணியத் திருப்பக் கூடாதுன்னு மாட்டி விட்டுட்டேன்.”

“எந் தங்கச்சிய வச்சா போணி பாத்தீங்க?”

அத்தனை பேருக்கு முன்னால் கேட்டான். அருள்மணி தலையைக் குனிந்துகொண்டார்.

இளமதியை வேனில் ஏற்றி அனுப்பினார்கள். சூர்யபிரகாஷ் காலி வண்டியை மெதுவாக ஓட்டி வர, அறந்தாங்கி வரை அருள்மணி பைக்கில் பின்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். பழைய டயர்களை மாட்டி, உறையை நேராக்கி, டீக்கடையில் நின்றவர்களை வண்டி நிறைய உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார். உரசவில்லை. சூர்யபிரகாஷ் அவர் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் இளமதி போன் செய்தாள். “நல்லவேளை வந்தீங்கண்ணே. நீங்க நல்லாருக்கணும்” என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. அருள்மணி போனை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

“வேலையா இருக்காரும்மா, நான் சொல்லிர்றேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.