தாளம் போட்டு அளந்த மூச்சு

என் கைபேசியில் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி ஓடும். என் பேத்தி ஏழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கும்போது விட்ட குறட்டை அது. அழித்துவிடலாம் என்று பலமுறை விரலைக் கொண்டுபோய், அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதை நான் எப்படிப் பதிவு செய்தேன், யாருக்கெல்லாம் அனுப்பிச் சிரித்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிட நினைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். ஆக்ஸிஜனைப் பற்றி மட்டும் எத்தனை வகுப்பு எடுத்திருப்பேனோ தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு கச்சேரி கேட்பதே வேலையாகிவிட்டது. பாடத் தெரியாது. ஆனால் வலது கை எந்நேரமும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். பஸ் நிறுத்தத்தில் போடும், ரத்தம் எடுக்கக் காத்திருக்கும் இடத்தில் போடும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் ஃபிளாட். வங்கியில் வேலை பார்க்கும் மருமகள், பேத்தி, நான் என்று மூன்று பேர். மகனுக்கு பெங்களூரில் வேலை. மாதத்தில் இரண்டு முறை வருவான்.

அந்த மே மாத மதியம் ஏ.சி. போட்ட அறையில் பேத்தி கழுத்தைப் பின்னால் வளைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குறட்டை ஒரே சீராக வந்தது. என் கை தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. சட்டென்று குறட்டை நின்றது. கை நிற்கவில்லை. ஒரு ஆவர்த்தனம், அதாவது ஆதி தாளத்தின் எட்டு அட்சரம், எட்டு எண்ணிக்கை, முழுக்க மௌனம். அது முடிந்து அரை இடம் தள்ளி, ஒரு பெரிய இழுப்போடு அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். தேர்ந்த பாடகர்கள்கூடப் பாட்டைத் தொடங்கத் தயங்கும் இடத்தில் இந்தக் குழந்தை தூக்கத்தில் எடுப்பு எடுக்கிறதே! கைபேசியை அவள் தலையணை அருகே வைத்துப் பதிவு செய்தேன். எங்கள் ரசிகர் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினேன். ஒருவர், "சபாஷ், அரை எடம் தள்ளி! யார்ட்ட சிட்சை?" என்று எழுதினார். இன்னொருவர், "டிசம்பர் சீசனுக்கு மத்தியான ஸ்லாட் வாங்கிடலாம் ஓய்" என்றார். அன்று சாயங்காலம் வரைக்கும் நான் அந்தப் பாராட்டுகளிலேயே மிதந்தேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், என் கண்முன்னால் இருந்தவை ஒன்றா இரண்டா? அவள் தூங்கி எழுந்தால் தலையணை வேர்வையில் நனைந்திருக்கும். விழித்திருக்கும்போதும் வாய் பாதி திறந்தே இருக்கும். நான்கு வயதில் நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் ஆறு வயதில் திரும்ப வந்தது. பள்ளியில் ஆசிரியை, "ஒரு எடத்துல உக்காரவே மாட்டேங்கறா, எதுலயும் கவனம் இல்ல" என்று டயரியில் எழுதி அனுப்பினார். காலையில் தலை வலிக்கிறது என்பாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் தனித்தனியாக ஒரு விளக்கம் இருந்தது. வேர்வைக்குச் சென்னை. படுக்கைக்கு ராத்திரி குடித்த பால். தலைவலிக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத சாக்கு. வகுப்பில் ஆறேழு அளவுகளைக் கொடுத்தால் அவற்றுக்குப் பொதுவான காரணம் என்ன என்று தேடச் சொல்லி மாணவர்களை வறுத்தெடுத்தவன் நான். வீட்டில் அதைச் செய்யவில்லை.

மருமகள் தேடினாள். ஒருநாள் காபி கொடுக்கும்போது சொன்னாள்: "அப்பா, அவ தூங்கறச்சே திடீர்னு மூச்சை இழுத்துண்டு புரண்டு படுக்கறா. டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

"குறட்டை விட்டா ஆழ்ந்து தூங்கறான்னு அர்த்தம்மா. உன் ஆத்துக்காரன் சின்ன வயசுல விடாத குறட்டையா?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வயதான மாமனாரிடம் எவ்வளவு வாதாட முடியும்?

இதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். பேத்தி பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியற்காலையில் சாதகம் செய்தால் குரல் திறக்கும் என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. ஐந்து மணிக்கு அவளை எழுப்பி, சுருதிப் பெட்டியைப் போட்டு, எதிரே உட்காரவைப்பது என் பொறுப்பு. 'ஸ' பிடித்துக்கொண்டே தலை தொங்கிவிடும். முகத்தில் தண்ணீர் தெளிப்பேன். இரவு முழுக்க உடைந்து உடைந்து தூங்கிய குழந்தையின் கடைசி நல்ல தூக்கத்தையும் நான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. "சோம்பேறி" என்றேன். அப்படியே சொன்னேன். அவள் கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டு பாட முயன்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பத்து மாதம் இப்படிப் போயிற்று. மார்ச்சில், வெயில் ஏறுவதற்கு முன் ஏ.சி.யைச் சுத்தம் செய்ய ராயப்பேட்டையிலிருந்து வழக்கமாக வரும் பாய் வந்தார். பல வருஷப் பழக்கம். அன்றும் ஞாயிற்றுக்கிழமை மதியம். பேத்திக்கு லேசான ஜலதோஷம், சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். "பாப்பா தூங்கட்டும் சார், சத்தமில்லாம முடிச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஏணியைப் போட்டு ஏறி, ஏ.சி.யை நிறுத்தினார்.

அறை அமைதியானது. அப்போதுதான் குறட்டை அதன் முழு உருவத்தில் கேட்டது. பிறகு நின்றது. பாய் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றார்.

நான் உற்சாகமாகத் தொடையைத் தட்டிக் காட்டினேன். "கவனிங்க பாய், இப்ப பாருங்க, கரெக்டா வந்து எடுப்பா."

எடுத்தாள். நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கினார்.

"சார், இன்னா சார் நீ? கொழந்தைக்கு மூச்சு நின்னு நின்னு வருது, தாளம் போட்டுகினு கீற?"

"இல்ல பாய், அது வந்து..."

"அட இருங்க சார்." அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அடுத்த முறை குறட்டை நின்றபோது அவளுடைய கழுத்துக் குழியைக் காட்டினார். "இங்க பாரு. உள்ள இழுக்குது பாரு. வயிறு ஏறி எறங்குது. காத்து போவல. அடைச்சிகினா மிஷினும் இப்டித்தான் சார், இழுத்துகினே இருக்கும், உள்ள ஒண்ணும் போவாது. எம் பொண்ணுக்கும் இதே தான் இருந்துச்சு. இஸ்கூல்ல மக்குன்னு பேரு வாங்கிட்டா. மூக்குக்குப் பின்னால சதை சார். எடுத்தப்புறம்தான் சரியாச்சு."

நான் பத்து மாதமாகக் காதை மட்டும் கொடுத்திருக்கிறேன். ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. குழிக்குள் தோல் இழுபடுவதை அன்றுதான் பார்த்தேன். வயிறு மேலே வரும்போது நெஞ்சு உள்ளே போயிற்று; இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடிக்கொண்டிருந்தன. கை தொடையில் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"பயப்படாத சார். ஆனா நாளைக்குன்னு சொல்லாத" என்றார் பாய்.

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் முன்னறையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. நானும் மருமகளும் அழைத்துப்போன பேத்தியின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார். பிறகு பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயைப் பெட்டியில் மாட்டினார். மூக்கின் பின்புறம் காற்று போகும் பாதை கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. பாதை ஒரு நூல் அளவுக்குத்தான் இருந்தது.

"வீட்ல அவ தூங்கறதை வீடியோவோ ஆடியோவோ எடுத்திருக்கீங்களா? இருந்தா ரொம்ப உதவியா இருக்கும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். அவளும் அந்தக் குழுவில் வந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு, புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு மறுநாள் வந்திருக்கலாம். அந்த எண்ணம் ஒரு கணம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு கைபேசியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

மருத்துவர் குனிந்து கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

"பின்னாடி டக் டக்னு கேக்குதே, அது என்ன சத்தம்?"

"நான்தான். தாளம்."

"புரியல."

"ஆதி தாளம். மூச்சு நின்ன எடத்துல... எத்தனை அட்சரம்னு பார்த்தேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து மூன்றாம் முறை ஓடவிட்டார். "அப்ப நீங்களே அளந்து கொடுத்துட்டீங்க சார். ஒரு தட்டுக்கு ஒரு செகண்ட். எட்டரை செகண்ட். குழந்தைங்களுக்கு ரெண்டு மூச்சு தவறினாலே நாங்க கணக்குல எடுத்துப்போம். எப்ப எடுத்தது?"

"போன மே."

அவர் அதை எழுதிக்கொண்டார். பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "அந்த நேரத்துல அவளுக்கு என்ன ஆறது?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் பாதையைத் திறந்து பிடித்திருக்கும். தூங்கியதும் அவை தளரும். டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் பெரிதாக இருந்தால் பாதை மூடிக்கொள்ளும். உடம்பு மூச்சை இழுக்க முயன்றுகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பயந்து, குழந்தைக்கே தெரியாமல் ஒரு கணம் எழுப்பிவிடும். நான் எடுப்பு என்று கொண்டாடிய பெரிய இழுப்பு அதுதான். இப்படி இரவெல்லாம் நடக்கும். பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளில் பலர் நேர்மாறாக, ஓரிடத்தில் நிற்காமல் ஆடுவார்கள். அதைச் சேட்டை என்று நினைத்துவிடுவோம்.

"குறட்டை விடற எல்லாக் குழந்தைக்கும் இது இருக்கறதில்ல. அதனால காதால கேட்டதை வச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டேன். தூக்கப் பரிசோதனை பண்ணிடலாம்" என்றார்.

மௌனத்தில் அவள் இளைப்பாறுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அந்த எட்டரை விநாடியும் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பரிசோதனை அடையாறில் ஒரு மருத்துவமனையில் நடந்தது. மருமகள்தான் கூட இருந்தாள். தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் ஒயர் ஒட்டிய பேத்தி, "தாத்தா, நான் ரோபோ!" என்று வீடியோ அழைப்பில் கூவினாள். மறுவாரம் வந்த வரைபடத்தை நான் ஒரு மணி நேரம் படித்தேன். மேல் கோடு மூக்கின் காற்று. அது அலையலையாகப் போய் சட்டென்று தட்டையாகும். கீழே நெஞ்சின் கோடும் வயிற்றின் கோடும் தட்டையாகாமல் துள்ளிக்கொண்டே இருக்கும். சற்றுத் தள்ளி ஆக்ஸிஜன் கோடு படியிறங்கும். அப்புறம் எல்லாம் ஒன்றாகக் குதிக்கும். ஏணியில் நின்ற ஒரு மனிதர் வெறுங்கண்ணால் கண்டது அத்தனையும் அந்தத் தாளில் இருந்தது.

அறுவைச் சிகிச்சை தேவை என்றார்கள். இந்த இடத்தில் நான் திருந்தியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. "விடுமுறையில பாட்டுப் போட்டி இருக்கே, அது முடிஞ்சு வச்சுக்கலாமா? தொண்டைல கத்தி வச்சா குரல் என்ன ஆகும்?" என்றேன்.

மருமகள் அதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அப்பா, அவ மொதல்ல மூச்சு விடட்டும். அப்பறம் பாடலாம்."

ஏப்ரலில் முடிந்தது. ஒரு வாரம் ஐஸ்கிரீமும் தயிர்சாதமுமாகக் கழித்தாள். குரல் மாறித்தான் போயிற்று. மூக்கடைத்த மாதிரி இருந்த அந்த ஒலி போய், வேறொரு குழந்தையின் குரல் போலத் தெளிவாக வந்தது. அதுதான் அவள் குரல் என்று பழக எனக்குச் சில வாரம் பிடித்தது. படுக்கை காய்ந்திருந்தது. டயரியில் குறிப்புகள் குறைந்தன, ஒரேயடியாக நிற்கவில்லை. இயல்பிலேயே கொஞ்சம் வால்தான் போலிருக்கிறது. மூன்று மாதம் கழித்து மருத்துவர் மறுபடி பார்த்தார். இன்னும் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். ஐந்து மணி சாதகத்தை நிறுத்திவிட்டோம். சாயங்காலம் பாடுகிறாள்.

ரசிகர் குழுவில் அந்தப் பழைய பதிவுக்குக் கீழேயே நடந்ததை எழுதினேன். டிசம்பர் ஸ்லாட் என்று கேலி செய்தவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "என் பேரனும் வாயைத் தொறந்துண்டுதான் தூங்கறான் ஓய். அந்த டாக்டர் நம்பர் குடும்" என்றார். அதனால்தான் பதிவை அழிக்கவில்லை.

போன மாதம் பாய் மறுபடி வந்தார். பேத்தி படுத்திருந்தாள். அவர் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, ஏணியிலேயே நின்று காதைத் தீட்டினார்.

"ஒண்ணும் கேக்கலியே சார்?"

சத்தமே இல்லாத தூக்கம் எனக்கு இன்னும் பழகவில்லை. இருவரும் கட்டிலருகே போய்க் குனிந்தோம். வாய் மூடியிருந்தது. கழுத்துக் குழி அசையவில்லை. வயிறும் நெஞ்சும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கின. பாய் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

பேத்தி ஒரு கண்ணைத் திறந்தாள். "என்ன தாத்தா?"

பாய் இருக்கிறார் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன். "கார்த்தால பாடறச்சே உன்னை நான் ஒரு தடவை சோம்பேறின்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"ஒரு தடவை இல்ல, நாலு தடவை" என்றாள்.

"தப்பு கண்ணா. உனக்குத் தூக்கம் வந்தது. வேற ஒண்ணுமில்ல."

"இப்பவும் வருது" என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையை மடியில் சும்மா வைத்துக்கொண்டு, அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.