கிளிஞ்சலுக்குக் கீழே

எனக்குக் கழி ஊன்றத் தெரியவில்லை என்று சகலை சொன்னபோது, நான் பதினைந்து வருடமாகக் கழி ஊன்றிக்கொண்டிருந்தேன். கோபம் வராமல் இருக்குமா? அதுவும் எனக்கு! மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் ஏற்கெனவே பெயர்.

எங்கள் பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களைப் பாடு என்போம். ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். முறை வந்த நாளில் அந்த இடம் நமக்கு, விடிந்தால் அடுத்தவருக்கு. சாயங்காலம் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, கழிகளை வரிசையாகச் சேற்றில் ஊன்றி, அவற்றில் வலையைச் சுற்றி நிறுத்த வேண்டும். ஒரு கழி சாய்ந்தால் போதும், வலையின் அடி தூக்கிக்கொள்ளும். இறாலுக்கு வேறென்ன வேண்டும்? தனியாளாக இதைச் செய்ய முடியாது. இரண்டு பேர் வேண்டும், ஆளுக்குப் பாதி வரிசை.

அதுவரை எனக்குக் கூட்டு என் அண்ணன். அவர் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய் ஃபைபர் படகில் கடல் தொழில் செய்யத் தொடங்கியதும், என் மனைவியின் தங்கை வீட்டுக்காரரோடு சேர்ந்தேன். எங்கள் முதல் முறையில், சகலை லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகும், என் பக்கம் இரண்டு கழி சாய்ந்தது. காற்று என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை மூன்று சாய்ந்தது. அன்று காற்றே இல்லை.

வெறும் வலையைப் படகில் ஏற்றும்போது சகலை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

“தப்பா எடுத்துக்காத சகலை. அடுத்த மொற ஒண்ணு பாப்போம். அதுலயும் சாஞ்சிச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

அவருக்கு வேறு ஆள் கிடைக்கும். சகலையே கழற்றிவிட்டவன் என்று தெரிந்தால் எனக்குத்தான் ஒருவனும் வரமாட்டான். கூட்டு இல்லையென்றால் முறை வந்தும் பயனில்லை. இன்னொருவர் படகில் கூலியாகத்தான் ஏற வேண்டும்.

நியாயம் கேட்கக் குப்பத்துக்குப் போனேன். அண்ணன் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இன்னாடா புதுசா? உன் கழி எப்பவும் இழுத்தா கையோட வரும். நான்தான் பின்னாலயே வந்து ஒவ்வொண்ணா அமுக்கி நிறுத்துவேன்.”

“ஏன் ஒரு நாள்கூட சொல்லல?”

“சொன்னா நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு ரெண்டு நாள் பேசமாட்ட. அதுக்கு அமுக்கறது சுளுவு.”

திரும்பும் வழியெல்லாம் அவமானத்தில் காது சுட்டது. பதினைந்து வருடம் கழி ஊன்றினேனே தவிர, எது நின்றது, எது வந்தது, ஏன் வந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. என் தவறு என் கண்ணில் படாமல் அண்ணன் பார்த்துக்கொண்டார். அதற்கு என் கோபம்தான் காரணம்.

மறுநாளே வீட்டுக்கு எதிரே கரையோரமாகப் பத்துக் கழி ஊன்றினேன். பத்தும் நின்றன. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இங்க கொழந்த நட்டாகூட நிக்கும். பாட்டுல சேறு இப்டியா கீது?” என்றாள்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசி தாங்காமல் சாப்பிட்டேன். பாட்டுச் சேற்றைப் போலவே சேறு இருக்கும் இடமாக, யாருடைய முறையும் இல்லாத ஓரமாகப் பார்த்து, மறுநாள் விடிந்ததும் படகை எடுத்தேன். அவளும் ஏறிக்கொண்டாள்.

ஒவ்வொரு கழி ஊன்றியதும் அவள் கேட்பாள்: “சொல்லு, நிக்குமா, வருமா?” நான் சொன்ன பிறகுதான் இழுப்பாள். முதல் நாள் பத்தில் ஒன்பதை நிற்கும் என்றேன். ஆறு அவள் ஒற்றைக் கையால் இழுத்ததுமே வந்துவிட்டன. கழி வந்ததைவிட, வரும் என்று என் கைக்கே தெரியாததுதான் வலித்தது.

வந்த கழிகளின் நுனியைப் பார்த்தோம். கறுப்புச் சேறு, அதற்கும் கீழே உடைந்த கிளிஞ்சல் துணுக்குகள். அவ்வளவுதான். நின்றவற்றைச் சிரமப்பட்டுப் பிடுங்கியபோது நுனியில் சாம்பல் நிறக் களிமண் அப்பியிருந்தது. கிளிஞ்சல் தட்டியதுமே தரை வந்துவிட்டது என்று நினைத்து என் கை நின்றுவிடுகிறது. அதைத் திருகித் தாண்ட வேண்டும். தாண்டினால் கறகறப்பு அடங்கும், பிசைந்த மாவு விரலைப் பிடிப்பது போலக் களி கழியைப் பிடித்துக்கொள்ளும்.

தெரிந்துகொண்டது ஒரே காலையில். கைக்கு வரத்தான் நாளாயிற்று. சுவாரசியமான வேலையும் இல்லை. படகில் போகிறவர்கள், “இன்னாப்பா, ஏரிக்கு வேலி போடறியா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாள் எட்டு நிற்கும், மறுநாள் ஐந்துதான் நிற்கும். ஒரு காலையில் கழியை வீசி எறிந்தேன். அவள் நீந்திப்போய் எடுத்துவந்து என் கையில் கொடுத்து, “இது எறிஞ்சது. கணக்குல வராது. நடு” என்றாள். போகப் போக, அவள் கேட்கும் முன்பே “இது வரும்” என்று நானே பிடுங்கத் தொடங்கினேன்.

முறை வந்தது. தண்ணீர் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று சகலை அவசரப்படுத்தினார். கடைசிக்கு முந்திய கழி நேராகத்தான் நின்றது. பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் கை ஒப்பவில்லை. பிடுங்கினேன்.

“இன்னா பண்ற? தண்ணி எறங்குது!”

“இது வரும் சகலை” என்று சொல்லிவிட்டுத் திருகித் திருகி மறுபடி இறக்கினேன். அவர் வாய்க்குள் என்னவோ திட்டினார். பிறகு வழக்கம் போல என் பக்கம் வந்து ஒவ்வொரு கழியாக ஆட்டிப் பார்த்தார்.

விடியற்காலை வலை நேராக நின்றிருந்தது. இறால் சுமாராகத்தான் பட்டது. அது ஏரியின் பாடு. என் கழி ஒன்றுகூடச் சாயவில்லை.

வேறு ஆளைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம். அடுத்த முறைக்கு அவரே வந்து கூப்பிட்டார். தன் பக்கத்தை முடித்துவிட்டுப் படகில் ஏறி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார். வந்து ஆட்டிப் பார்க்கட்டும் என்று நான் கழுத்தளவு நனைந்து காத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா நின்னுக்கினு கீற? ஏறு, போலாம்” என்றார்.

என் கழியைப் பின்னால் வந்து யாரும் தொட்டுப் பார்க்காத முதல் நாள் அது.