காகிதத்தில் சண்டை போட்ட ஜிப் அக்கா

பல் மருத்துவமனையின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்தத் தையல் கடை. ஒரு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஓர் ஓவர்லாக் மெஷின், நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் கூரை. கடைக்காரம்மா, பேன்ட் ஜிப் கெட்டுப்போய் வருபவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, பத்தே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்து அனுப்புவார். அதனால் தெருவில் அவருக்கு ஜிப் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. கை ஓடும்போது வாயும் கூடவே ஓடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வரி அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் பிரித்துப் படித்தாள்.

"அம்மா, நீ ஸ்டண்ட் மாஸ்டராம்."

"என்னது?"

"ஒரு படத்துக்கு நாப்பது நாள் சண்டைக் காட்சி அமைச்சுக் கொடுத்தியாம். பெரிய சம்பளம் வாங்கினியாம். விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்போ வீட்ல நீ தினமும் போடறதெல்லாம் ரிகர்சலா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. வேலை செய்கிறவர்களில் பாதிப் பேராவது உள்ளூர்க்காரர்களாக இருந்தால், படத்துக்குக் கட்டிய வரியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் அப்போது அறிவித்திருந்தது. நான்கு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்று போட்ட திட்டம். படக் கம்பெனியின் மேனேஜர் கடை கடையாக ஏறி இறங்கினார். "ஷூட்டிங் பர்மிஷனுக்கு" என்று சொல்லி எல்லோரிடமும் அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஜிப் அக்கா ஐந்து நாள் அங்கே கிழிந்த உடைகளைத் தைத்தார். ஐந்து நாள் கூலி கைக்கு வந்ததும் விஷயத்தை மறந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் தெரிந்தது, கடிதம் அவருக்கு மட்டும் வரவில்லை என்று. சாவி செய்கிறவர்தான் ஒளிப்பதிவாளராம். முட்டைக் கடைக்காரர் எடிட்டர். பல் டாக்டரின் கம்பவுண்டர் இசையமைப்பாளர். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கம்பவுண்டர் மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு, "சின்ன வயசுல புல்லாங்குழல் கத்துக்கிட்டேன்" என்றார்.

எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாலும் அக்காவுக்கு உள்ளூர உதறல்தான். கண்ணால் பார்க்காத சம்பளத்துக்கு வரி கேட்டால் எங்கே போவது? அன்று இரண்டு சட்டைகளுக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, மறுபடி பிரித்தார்.

விசாரணையன்று அதிகாரியின் மேஜைக்கு எதிரில் அந்த மேனேஜரும் உட்கார்ந்திருந்தார். அதிகாரி கண்ணாடி போட்ட இளம்பெண்.

மேனேஜர் குழைந்தார். "அக்கா, மறந்துட்டீங்களா? ஃபைட் சீன் எல்லாம் நீங்கதானே பாத்துக்கிட்டீங்க?"

"பாத்துக்கிட்டேன் சார். கிழிஞ்சதை."

அதிகாரி சிரிப்பை அடக்க ஃபைலுக்குள் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "அப்போ சண்டைக் காட்சி அமைச்சது யாரும்மா?"

"வெளியூர்லேருந்து வந்த ஒருத்தரு. பூனைன்னு கூப்பிடுவாங்க, எங்கேருந்து விழுந்தாலும் கால்லதான் நிப்பாரு. சட்டைக்குள்ள பஞ்சு வெச்சுத் தைக்க நான்தான் அளவெடுத்தேன். மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தெட்டு. எப்பவோ அடிபட்டு இடது தோள் முக்கால் இஞ்சு எறங்கியிருக்கும்."

"பூனையாவது, எலியாவது!" என்றார் மேனேஜர். "அப்படி யாரும் எங்க படத்துல இல்ல மேடம்."

இல்லாத ஆளை அதிகாரி மூன்றே வாரத்தில் சண்டைக் கலைஞர்கள் சங்கத்தின் மூலம் கண்டுபிடித்து வரவழைத்தார். அடையாளம் காட்ட அக்காவையும் கூப்பிட்டார். மேனேஜர் அன்றும் இருந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒல்லியான அந்த மனிதர் உள்ளே நுழைந்ததும் அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். "கொஞ்சம் நேரா நில்லுங்க தம்பி." இரண்டு தோளையும் அளந்தார். "முக்கால் இஞ்சு. இவரேதான்."

அதிகாரி அக்காவின் பெயரைச் சொன்னதும் அவர் அக்காவை உற்றுப் பார்த்தார். "ஸ்டண்ட் மாஸ்டர்னு டைட்டில்ல வந்தது உங்க பேரா? யாரோ பெரிய லேடி ஃபைட்டர்னு நெனச்சேன்!"

"எனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும், தம்பி."

சிரித்தவரின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "மூணாவது மாடியிலேருந்து குதிச்சேங்க்கா. என் பொண்டாட்டி தியேட்டர்ல கடைசி எழுத்து வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருந்தா. என் பேரு வரவே இல்ல. நான் ஏதோ பொய் சொல்லிட்டேன்னு நெனச்சிருப்பா."

அக்கா டேப்பைச் சுருட்டினார். தான் செய்யாத தப்புதான். ஆனாலும் அந்த இடத்தில் இருந்தது தன் பெயர். மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், வரிய மிச்சம் பிடிக்க இவரு எலும்புதானா கெடச்சுது?"

வெளியூர்க் கலைஞர்களின் பெயரையெல்லாம் எடுத்துவிட்டுத் தெருக்காரர்களின் பெயரைப் போட்டது மற்றவர்களின் வாக்குமூலத்திலும் உறுதியானது. கம்பெனிக்குக் கிடைத்த சலுகை ரத்தானது. வாங்கியதை அபராதத்தோடு கட்ட உத்தரவு வந்தது. தெருக்காரர்கள் வாங்காத சம்பளமும் அவர்கள் தலையிலிருந்து இறங்கியது. படத்தின் டைட்டிலைத் திருத்தி, ஸ்டண்ட் மாஸ்டரின் சொந்தப் பெயரைப் போட்டார்கள். அன்று அவருடைய மனைவி அக்காவுக்கு ஃபோன் செய்து, பேச்சு வராமல் அழுது, பிறகு அரை மணி நேரம் பேசினார்.

தன் அடுத்த படத்துக்கு ஸ்டண்ட் மாஸ்டரே அக்காவைச் சிபாரிசு செய்தார். சண்டைக்காரர்கள் ஒன்பது பேருக்கும் பஞ்சு வைத்த உடை தைக்க வேண்டும். முறையான ஒப்பந்தத்தோடு அந்தப் புதுப் படத்தின் கம்பெனி ஆள் கடைக்கு வந்தார். அக்கா மகளைக் கூப்பிட்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னார். வந்தவருக்குப் பொறுமை போயிற்று.

"என்னக்கா, ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா?"

"தையல்காரின்னு எழுதியிருக்கீங்களான்னு பாக்கறேன், தம்பி. டைரக்டர்னு எழுதியிருந்தா, படம் ஊத்திக்கிச்சுன்னா நான்ல பதில் சொல்லணும்?"

சரியாகத்தான் எழுதியிருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, பஞ்சு வாங்கக் கிளம்பினார்.